காமிரா எங்கே நிற்கிறது?

சேறும் தண்ணீருமான குளத்தில் அந்தக் கார் மெல்ல இறங்குகிறது. முக்கால்வாசி மூழ்கியதும் அப்படியே நின்றுவிடுகிறது. கரையில் நிற்கும் இளைஞன் மெல்வதை நிறுத்திவிட்டுச் சுற்றுமுற்றும் பார்க்கிறான். சில நொடிகள்தான். அந்தச் சில நொடிகளில் தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. மூழ்கிவிடு, மூழ்கிவிடு என்று மனம் அடித்துக்கொள்கிறது. கார் மறுபடி அசைந்து, கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அவன் உதட்டோரம் ஒரு சிரிப்பு. நமக்கும் அப்பாடா என்றிருக்கிறது.

அந்தக் காரின் டிக்கியில் ஒரு பெண்ணின் பிணம் கிடக்கிறது. சற்று முன்புவரை அவள்தான் கதாநாயகி. வங்கியில் கட்டச் சொல்லி முதலாளி கொடுத்த 40,000 டாலரோடு ஓடிவந்தவள். செய்தது தப்பு என்று உணர்ந்து, காலையில் திரும்பிவிடலாம் என்று முடிவெடுத்து, மனம் லேசாகிக் குளிக்கப் போனவள். படத்தின் தொடக்கத்திலிருந்து அவளோடுதான் வந்தோம். அவளுடைய பயத்தைத்தான் பயந்தோம். அவள் செத்துச் சில நிமிடங்கள்தான் ஆகின்றன. அதற்குள் அவள் உடல் யாருக்கும் தெரியாமல் ஒழிந்துபோக வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். அப்படி ஆசைப்படச் சொல்லி யாரும் நம்மை மிரட்டவில்லை.

1960-ல் வெளிவந்த ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ படத்தைப் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். குளியலறைக் கொலையைப் பற்றித்தான் அதிகம். ஒரு வாரம் படமாக்கியது, 70-க்கும் மேற்பட்ட கோணங்கள், பெர்னார்ட் ஹெர்மனின் கீறிக் கிழிக்கும் வயலின்கள். என்னை உறுத்துவது அதற்கு அடுத்து வரும் குளத்துக் காட்சிதான். கொலையின்போது நாம் அலறுகிறோம், அலறலில் குற்றமில்லை. குளத்தருகே நாம் கூட்டாளி ஆகிவிடுகிறோம்.

திரையில் பெண்கள்மீது நடக்கும் வன்முறையைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எவ்வளவு காட்டினார்கள் என்றே சண்டை போடுகிறோம். எத்தனை நொடி, எவ்வளவு ரத்தம், எவ்வளவு உடை. அந்தக் கேள்விகள் தேவைதான். ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு. அந்த நேரத்தில் நம்மை எங்கே நிற்கவைத்தார்கள்? யாருடைய கண்ணை நமக்குக் கொடுத்தார்கள்? எது நடக்கட்டும் என்று நம்மை விரும்பவைத்தார்கள்?

சுவரில் ஓர் ஓட்டை

‘சைக்கோ’வில் குளியலறைக்கு முன்பே இந்த வேலை தொடங்கிவிடுகிறது. குளக்கரையில் நின்ற அந்த இளைஞன், நார்மன் பேட்ஸ், தன் அறைச் சுவரில் மாட்டியிருக்கும் ஓவியத்தைக் கழற்றுகிறான். குளிக்கப்போன சூசன்னாவை இரண்டு கிழவர்கள் வளைத்துப் பிடிக்கும் பழைய விவிலியக் கதையின் ஓவியம் அது. அதற்குப் பின்னால் ஓட்டை. அவன் கண் பக்கவாட்டில், திரையளவு பெரிதாகத் தெரிகிறது. அடுத்த ஷாட்டில் அவன் பார்ப்பதை நாம் பார்க்கிறோம். அந்தப் பெண் உடை மாற்றுகிறாள். நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கத்தி வரும்போதும் அது உடம்பில் இறங்குவதை ஹிட்ச்காக் ஏறக்குறைய காட்டவே இல்லை. துண்டு துண்டான ஷாட்டுகளை ஒட்டிவைத்து அந்தக் குத்தலை முழுமையாக்குவது நம் மனம்தான்.

அதே ஆண்டு, ‘சைக்கோ’வுக்கு இரண்டு மாதம் முன்னதாக, லண்டனில் இன்னொரு படம் வெளியானது. மைக்கேல் பவல் இயக்கிய ‘பீப்பிங் டாம்’. மார்க் லூயிஸ் என்ற இளைஞன் சினிமா ஸ்டுடியோவில் காமிராவுக்கு ஃபோகஸ் பிடிப்பவன். முக்காலியின் ஒரு காலில் கூரிய கத்தியை ஒளித்துவைத்து, பெண்களைக் குத்திக் கொல்லும் நேரத்திலேயே அவர்கள் முகத்தைப் படம்பிடிக்கிறான். காமிராவோடு ஒரு கண்ணாடியும் பொருத்தியிருக்கிறான். சாகும் பெண் தன் பயத்தைத் தானே பார்த்தபடி சாக வேண்டும்.

படத்தின் முதல் கொலையை நாம் அவனுடைய காமிராவின் வ்யூஃபைண்டர் வழியாகவே பார்க்கிறோம். நடுவில் குறுக்குக் கோடு. அதன் வழியே தெரு, ஒரு பெண், மாடிப்படி, அறை, கடைசியில் அவளுடைய திறந்த வாய். உடனே காட்சி மாறுகிறது. மார்க் தன் வீட்டு இருட்டறையில் உட்கார்ந்து, நாம் இப்போது பார்த்ததையே புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கிறான். நாமும் இரண்டாம் முறை பார்க்கிறோம். இருட்டில் உட்கார்ந்து பார்ப்பவன் அவன். இருட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் நாம். படம் இதைப் பேச்சில் சொல்லவில்லை, செய்துகாட்டுகிறது. மார்க்கைச் சிறுவயதில் வதைத்து அந்தப் பயத்தைப் படம்பிடித்த அப்பாவாகப் பவல் தானே நடித்தார். சிறுவனாகத் தன் மகனையே நடிக்கவைத்தார். மற்றவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் முன் தான் ஏறி நின்றவர் அவர்.

‘சைக்கோ’ பணத்தைக் கொட்டியது. ‘பீப்பிங் டாம்’ படத்தை லண்டன் விமர்சகர்கள் அருவருப்போடு கிழித்தார்கள். தியேட்டர்களிலிருந்து அது சீக்கிரமே காணாமல் போனது. ‘ரெட் ஷூஸ்’ போன்ற படத்தை எடுத்த மாபெரும் இயக்குநருக்குச் சொந்த நாட்டில் வாய்ப்புகள் வற்றின. 1970-களின் இறுதியில் மார்ட்டின் ஸ்கார்செஸி முன்னின்று அதை மறுபடி திரைக்குக் கொண்டுவரும்வரை படம் அநேகமாக மறக்கப்பட்டுக் கிடந்தது. ஏன் இந்த வேறுபாடு? என் கணிப்பு இது: ‘சைக்கோ’வின் முடிவில் ஒரு மனநல மருத்துவர் வந்து எல்லாவற்றையும் விளக்குகிறார். குற்றம் நார்மனின் மூளைக்குள் இருக்கிறது, நம்மிடம் இல்லை என்று தெரிந்துகொண்டு நாம் வெளியே வருகிறோம். பவல் அந்தக் கதவைத் திறந்துவிடவில்லை. இருட்டில் உட்கார்ந்து பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட விமர்சகர்களுக்கு அது பொறுக்கவில்லை.

திரையில் பார்ப்பவனின் கண்ணை நமக்குக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டைக் கோட்பாடாக எழுதியவர் பிரிட்டனின் லாரா மல்வி. 1975-ல் ‘ஸ்க்ரீன்’ இதழில் வந்த அவருடைய கட்டுரை இன்றும் சினிமா வகுப்புகளில் முதல் பாடம். சினிமாவில் மூன்று பார்வைகள் இயங்குகின்றன என்றார்: காமிராவின் பார்வை, பார்வையாளரின் பார்வை, கதைமாந்தர்கள் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வை. முதல் இரண்டும் மூன்றாவதற்குள் ஒளிந்துகொள்கின்றன. நாயகன் பார்ப்பதாகத்தான் நமக்குத் தோன்றுகிறது. நாம் பார்க்கிறோம் என்பது மறந்துபோகிறது. மல்வியின் கட்டுரையில் பெண் பார்வையாளருக்கு இடமே இல்லையே என்று பிறகு பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் பெண் தன்னுடைய பயத்தையே ஓர் ஆணின் கண்ணால் பார்க்கும்படி ஆகிறது. அவளும் குளத்தருகே கார் மூழ்க வேண்டும் என்றுதான் விரும்புகிறாள். எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது.

மாடிப்படியில் பின்வாங்கிய காமிரா

ஒரே இயக்குநர், ஒரே படம், இரண்டு கொலைகள். காமிராவின் இடம் எவ்வளவு பெரிய முடிவு என்பதைப் புரிந்துகொள்ள ஹிட்ச்காக்கின் ‘ஃப்ரென்ஸி’யைப் போல எனக்கு உதவிய படம் வேறில்லை. 1972-ல் வந்தது. லண்டன் கோவென்ட் கார்டன் சந்தையில் பழவியாபாரி ராபர்ட் ரஸ்க்; கழுத்து டையால் பெண்களை நெரித்துக் கொல்பவன்.

முதல் கொலை திருமணத் தகவல் மையம் ஒன்றில் நடக்கிறது. அதை நடத்தும் பெண் தன் அறையில் தனியாக இருக்கிறாள். வன்புணர்வும் கொலையும் முழுமையாக, நெருக்கமாக, நீளமாகக் காட்டப்படுகின்றன. அவள் முகமும் அவன் முகமும் மாறி மாறி. கடைசியில் பிதுங்கிய கண்ணும் வெளியே தொங்கும் நாக்கும். பார்த்தவர்களுக்கு மறக்காது. ஆனால் நினைவில் நிற்பது அவள் அல்ல, அவளுடைய பிணத்தின் முகம். அதை அவளுக்குச் செய்யப்பட்ட இரண்டாவது கொடுமை என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது கொலையில் ரஸ்க் இன்னொரு பெண்ணைப் பேச்சுக்கொடுத்தபடி தன் வீட்டு மாடிக்கு அழைத்துப் போகிறான். காமிரா அவர்கள் பின்னால் படியேறுகிறது. கதவு மூடுகிறது. காமிரா உள்ளே போவதில்லை. ஒரு கணம் தயங்கி, மாடிப்படியில் பின்பக்கமாகவே இறங்கத் தொடங்குகிறது. ஒரு சத்தமும் இல்லை. நடைவழியைத் தாண்டி, வாசலைத் தாண்டித் தெருவுக்கு வருகிறது. சந்தையின் இரைச்சல் காதில் விழுகிறது. மூட்டை தூக்குகிறவர்கள், லாரிகள், போகிறவர் வருகிறவர். மேலே அந்த ஜன்னல். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் நாம் மட்டும்தான். கத்த முடியாது, போய்க் கதவைத் தட்ட முடியாது.

முதல் காட்சியில் கொலைகாரனின் அருகில் நின்றோம். இரண்டாவதில் தெருவில் நிற்கிறோம், ஒரு பெண் செத்துக்கொண்டிருப்பது தெரியாமல் நடந்துபோகும் ஊரின் நடுவில். முதலாவது நமக்கு ஒரு காட்சியைக் கொடுத்தது. இரண்டாவது குற்றவுணர்வைக் கொடுத்தது. ரத்தம் இல்லை, உடல் இல்லை. அந்தப் பெண்ணின் இழப்பு மட்டும் முழுதாக இருக்கிறது.

ஆனால் ஹிட்ச்காக் அங்கேயும் நம்மை விடுவதில்லை. ரஸ்க் அவள் பிணத்தை உருளைக்கிழங்கு மூட்டைக்குள் திணித்து லாரியில் ஏற்றிவிடுகிறான். பிறகுதான் தன் டை ஊசியைக் காணோம் என்று தெரிகிறது. அது செத்தவளின் விறைத்த கைக்குள் இருக்கிறது. ஓடும் லாரியில் அவன் கிழங்குகளுக்கு நடுவே உருண்டு புரண்டு தேடுகிறான். டிரைவர் பார்த்துவிடுவானோ என்று நாம் பதறுகிறோம். அவனுக்காக. அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக ஒடித்து ஊசியை எடுக்கும்வரை அவனோடு இருக்கிறோம். 1960-ல் குளக்கரையில் செய்ததையே 12 ஆண்டு கழித்து மறுபடி செய்கிறோம்.

கைதட்டியவர்கள்

பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு என்ன தண்டனை என்று நேரடியாகக் கேட்ட படம் ‘தி அக்யூஸ்ட்’. ஜோனதன் காப்லன் இயக்கம், 1988. ஜோடி ஃபாஸ்டருக்கு முதல் ஆஸ்கர் வாங்கித்தந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நியூ பெட்ஃபோர்ட் என்ற ஊர் மதுக்கூடம் ஒன்றில் 1983-ல் நடந்த கூட்டு வன்புணர்வு படத்துக்குத் தூண்டுகோல். அந்த உண்மை வழக்கில் ஆறு பேர் நிறுத்தப்பட்டார்கள், நால்வருக்குத் தண்டனை. ஊக்கப்படுத்தியதாகக் குற்றம்சாட்டப்பட்ட இருவர் விடுதலையானார்கள்.

படத்தில் கதை வேறுவிதமாகப் போகிறது. வன்புணர்ந்த மூவரும் பேரம் பேசிச் சிறிய குற்றத்தை ஒப்புக்கொண்டு தப்பித்துவிடுகிறார்கள். பாதிக்கப்பட்ட சாரா அவமானத்தில் வெந்துபோகிறாள். அரசு வழக்கறிஞர் மறுபடி வழக்குத் தொடுக்கிறார், இந்த முறை சுற்றி நின்று கூச்சலிட்டவர்கள்மேல். அவர்கள் யாரும் அவளைத் தொடவில்லை. கைதட்டினார்கள், அடுத்தவனைத் தள்ளிவிட்டார்கள். அதுவே குற்றம் என்று நீதிமன்றம் சொல்கிறது.

அந்தச் சம்பவத்தைப் படம் கடைசிவரை காட்டாமல் வைத்திருந்து, தீர்ப்புக்குச் சற்று முன்னால் காட்டுகிறது. மதுக்கூடத்துக் கூட்டத்துக்குள்ளேயே நம்மை நிறுத்துகிறது. நம் தோளோடு தோள் உரசும் ஆண்கள் சிரிக்கிறார்கள். நாமும் பார்வையாளர்கள், கூண்டில் நிற்பவர்களும் பார்வையாளர்கள். என்ன வித்தியாசம் என்று படம் முகத்துக்கு நேராகக் கேட்கிறது. இது பெரிய துணிச்சல்.

ஒரு விஷயம் மட்டும் என்னைத் தொந்தரவு செய்கிறது. சாரா நீதிமன்றத்தில் தனக்கு நடந்ததைச் சொல்லும்போது திரையில் அவள் முகம் மட்டும்தான். அவளுக்கு நடந்தது காட்சியாக விரிவது பிறகு, அங்கே இருந்து பார்த்த ஓர் இளைஞன் சாட்சி சொல்லும்போது. அவள் வார்த்தைக்குப் படம் கொடுக்காத சாட்சியம் அவன் நினைவுக்குக் கிடைக்கிறது. நாம் நம்புவது அவன் பார்த்ததை. பெண் சொன்னால் போதாது, ஆண் ஒருவன் பார்த்திருக்க வேண்டும் என்ற பழைய வழக்கம் நல்ல எண்ணத்தோடு எடுத்த படத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது.

ரோஜாச் செடிக்கு அடியில்

தமிழுக்கு வருவோம். பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ 1978-ல் வந்தது. கமல்ஹாசன், ஸ்ரீதேவி. பெண்களை வீட்டுக்கு அழைத்துவந்து கொன்று, தோட்டத்தில் புதைத்து, மேலே ரோஜாச் செடி நடும் இளைஞனின் கதை. கொலைகள் படம்பிடிக்கப்படுகின்றன, வளர்ப்புத் தந்தை அவற்றைப் போட்டுப் பார்க்கிறார். ‘பீப்பிங் டாம்’ படத்தின் இருட்டறை இங்கேயும் இருக்கிறது. ஆனால் அங்கே அந்த அறை நம்மை நோக்கித் திரும்பியது. இங்கே அது கிழவரின் வக்கிரமாகச் சுருங்கிவிட்டது.

அதற்கும் மேலே ஒரு ஃப்ளாஷ்பேக். சிறுவனாக இருந்தபோது ஒரு பெண் அவன்மேல் பழிபோட்டாள். அடைக்கலம் கொடுத்த வீட்டின் எஜமானி கணவனுக்குத் துரோகம் செய்தாள். ஆகவே பெண்கள்மீது வெறி. முடிவில் அவன் சிறையில் சித்தம் கலங்கி, தான் காதலித்த ஒருத்தியின் பெயரை மட்டும் நினைவில் வைத்திருக்கிறான். நாம் கண்கலங்கி எழுந்து வருகிறோம். அவனுக்காக. படம் பார்த்தவர்களைக் கேட்கிறேன்: ரோஜாச் செடிகளுக்கு அடியில் கிடக்கும் பெண்களின் பெயர்கள் நினைவிருக்கின்றனவா? ஒருத்தியாவது?

தேர்ந்த படம்தான், மறுக்கவில்லை. அதன் திறமையே இங்கே நான் பேசும் பிரச்சினை. பெண்ணைக் கொல்பவனுக்கு ஒரு கடந்தகாலம் கொடுத்து, கொல்லப்படுபவளுக்கு ஒரு பிற்பகல்கூடக் கொடுக்காத அந்த ஏற்பாடு தமிழில் நன்றாக வேர்விட்டது. 2004-ல் ‘மன்மதன்’ வந்தபோது துரோகம் செய்யும் பெண்களைத் தேடித்தேடிக் கொல்பவன் நாயகனாகவே ஆகிவிட்டான். தம்பியின் சாவு அவனுக்குக் காரணமாகக் கொடுக்கப்பட்டது. அவன் மாட்டிக்கொள்ளாமல் போனபோது தியேட்டர் கைதட்டியது.

கொலை வரை போக வேண்டியதில்லை. அறை போதும். 1972-ல் பெரும் வெற்றி பெற்ற ‘பட்டிக்காடா பட்டணமா’வில் பட்டணத்துப் படிப்பும் திமிரும் கொண்ட மனைவியைக் கணவன் அடித்துத் திருத்துவது கதையின் ஒரு முக்கியத் திருப்பம். அந்த அடிக்கு முன்னால் படம் எவ்வளவு நேரம் உழைக்கிறது என்று கவனியுங்கள். அவளை எடுத்தெறிந்து பேசவைக்கும், பெரியவர்களை மதிக்காதவளாக்கும், ஊருக்கு முன் கணவனைக் கூசவைக்கும். ஒவ்வொரு காட்சியும் நமக்குள் ஒரு கடனை ஏற்றுகிறது. அவளுக்கு ஒன்று கொடுக்கணும் என்று நாமே முணுமுணுக்கும்வரை படம் காத்திருக்கிறது. பிறகுதான் கை ஓங்குகிறது. ஓங்கியது நாயகனின் கை. ஓங்கச் சொன்னது நாம். விசில் அந்த உத்தரவின் சத்தம். இந்த வாய்பாடு எத்தனை எத்தனை படங்களில் வந்தது என்று தமிழ் ரசிகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1989-ல் வந்த பார்த்திபனின் ‘புதிய பாதை’யில், கூலிக்குத் தன்னை வன்புணர்ந்த ரவுடியைத் தேடிவரும் பெண் அவனைத் திருத்தி, அவனையே மணக்கிறாள். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. நாம் அவன் திருந்துவதற்காக ஏங்கினோம். அவள் என்ன ஆனாள் என்பது அவன் திருந்தும் கதைக்குள் கரைந்துபோனது.

இன்னொரு வகையும் உண்டு. நாயகனின் தங்கையோ காதலியோ இடைவேளைக்கு முன் சீரழிக்கப்படுவாள். கிழிந்த உடை, ஜன்னல் கம்பி, இடி மின்னல், தூக்குக் கயிறு. இரண்டாம் பாதி முழுக்கப் பழிவாங்கல். எண்பதுகளின் போஸ்டர்களில் அந்த முதல் பாதிக் காட்சி ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டப்பட்டதை அந்தத் தலைமுறை மறந்திருக்காது. வில்லனைத் திட்டிக்கொண்டே அவன் செய்வதை முழுமையாகப் பார்க்க நமக்குக் கிடைத்த அனுமதிச்சீட்டு அந்தப் பழிவாங்கல். இயக்குநர் கஸ்பார் நோயே 2002-ல் ‘இர்ரெவர்சிபிள்’ படத்தில் இந்தச் சீட்டைக் கிழித்தார். கதையைப் பின்னிருந்து சொன்னார்; பழிவாங்கல் முதலில் வருகிறது, அதுவும் தவறான ஆள்மீது. பிறகு வரும் வன்புணர்வை ஏறத்தாழ ஒன்பது நிமிடம் அசையாத காமிரா பார்க்கிறது. சுரங்கப்பாதையின் மறுமுனையில் யாரோ ஒருவர் வருகிறார், பார்க்கிறார், திரும்பிப் போய்விடுகிறார். திரைக்குள் நமக்கென்று ஒதுக்கிய இடம் அது. அந்தப் படத்தை இன்னொரு முறை பார்க்க என்னால் முடியாது. பார்க்கும்படி யாருக்கும் சொல்லவும் மாட்டேன். அந்த நிமிடங்களின் நீளம் அவசியமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

துரத்துதல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏற்கெனவே நிறையப் பேசியாயிற்று. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் இளம்பெண் ஒருவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு, பெண்ணைப் பின்தொடர்வதைக் காதல் என்று காட்டும் தமிழ்ப் படங்களைப் பற்றிப் பெரிய விவாதம் எழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில், நிச்சயமான பெண்ணை நர்ஸ் வேடத்தில் ஏமாற்றிக் காதலிக்கவைக்கும் ‘ரெமோ’ வெளியாகி நன்றாக ஓடியது. படம் பார்த்ததால்தான் ஒருவன் அரிவாள் எடுத்தான் என்று நான் சொல்ல மாட்டேன். மனிதன் அவ்வளவு எளிய இயந்திரமில்லை. ஆனால் ‘வேண்டாம்’ என்று ஒரு பெண் சொல்லும்போது அவள் மனம் மாறட்டும் என்று மூன்று மணி நேரம் ஆசைப்படக் கற்றுக்கொண்டவர்கள் நாம். அந்தப் பயிற்சிக்கு விளைவே இருக்காது என்று நம்ப என்னால் முடியவில்லை.

உயிரோடு இருந்தவர்கள்

இதுவரை பேசியது கற்பனைப் பெண்களைப் பற்றி. சில நேரம் திரைக்குப் பின்னால் நிஜமான பெண் இருக்கிறாள்.

‘லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்’ (1972) படத்தில் நடித்தபோது மரியா ஷ்னைடருக்கு வயது 19. மார்லன் பிராண்டோ ஐம்பதை நெருங்கியவர். பிரபலமான அந்த வன்புணர்வுக் காட்சியில் உடலுறவு நடிப்புதான். ஆனால் அதில் வெண்ணெயைப் பயன்படுத்தப்போவதை இயக்குநர் பெர்டொலூச்சியும் பிராண்டோவும் அன்று காலையில் முடிவுசெய்து, அவரிடம் சொல்லாமல் மறைத்தார்கள். நடிகையின் நடிப்பு வேண்டாம், ஒரு பெண்ணின் அவமானமே வேண்டும் என்று நினைத்ததாகப் பெர்டொலூச்சி 2013-ல் ஒப்புக்கொண்டார். காட்சியில் வரும் கண்ணீர் உண்மையானது என்று 2007-லேயே ஷ்னைடர் சொல்லியிருந்தார். அப்போது யாரும் பெரிதாகக் காதுகொடுக்கவில்லை. அவர் 2011-ல் இறந்தார். இயக்குநரின் பேட்டி 2016-ல் பரவியபோதுதான் உலகம் கொதித்தது. இங்கேயும் ஆண் சொன்ன பிறகுதான். 44 ஆண்டுகளாக அந்தக் காட்சியை நடிப்பென்று ரசித்தவர்கள் ஒரு பெண்ணின் உண்மையான அவமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம் நாட்டில் ‘பண்டிட் குயீன்’. சேகர் கபூர் 1994-ல் பூலன் தேவியின் வாழ்க்கை என்று எடுத்த படம். பதினோரு ஆண்டு சிறைக்குப் பிறகு அதே ஆண்டு வெளியே வந்திருந்த பூலன் தேவி, தன் அனுமதியில்லாமல் தன் வன்புணர்வைத் திரையில் காட்டுவதை எதிர்த்து நீதிமன்றம் போனார். அருந்ததி ராய் அவருக்காகக் கடுமையாக எழுதினார்: உயிரோடிருக்கும் ஒரு பெண்ணுக்கு நடந்ததை அவள் சம்மதமில்லாமல் மறுபடி நடத்திக்காட்ட யாருக்கு உரிமை? வழக்கு பிறகு சமரசத்தில் முடிந்தது. தணிக்கை தொடர்பான வேறொரு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் படத்தை அனுமதித்தது. ஊர் நடுவே நிர்வாணமாக நடக்கவைக்கப்பட்டு அவள் கிணற்றில் நீர் எடுக்கும் காட்சி காமத்தைத் தூண்டவில்லை, இரக்கத்தையும் கோபத்தையுமே தூண்டுகிறது என்று கருதியது.

அந்தக் காட்சியைப் பற்றி நீதிமன்றம் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். பார்க்கிறவர் எவருக்கும் ஊரோடு சேர்ந்து நிற்கும் வெட்கம் வரும். அந்தப் பெண்ணைப் பற்றி ராய் சொன்னதும் சரி. அந்த வெட்கத்தை நாம் அடைவதற்காக, இதோ இருக்கிற ஒரு மனுஷி தன் ஆடையை மறுபடி இழக்க வேண்டியிருந்தது. இரண்டையும் ஒன்றோடொன்று சமன்செய்ய எனக்குத் தெரியவில்லை. கேட்கப்பட வேண்டியவர் அவர். அவரைக் கேட்கவில்லை.

நம் தணிக்கை விதிகளில் இந்தக் கேள்விகளுக்கு இடமில்லை. பெண்களுக்கு எதிரான பாலியல் வன்முறைக் காட்சிகளைத் தவிர்க்க வேண்டும், கதைக்கு அவசியமென்றால் குறைந்த அளவில், விவரமின்றிக் காட்ட வேண்டும் என்று 1991-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நல்லதுதான். ஆனால் கத்தரிக்கோலுக்கு நொடிக்கணக்கு மட்டும்தான் தெரியும். நாயகனின் அறைக்காகக் காத்திருந்து விசிலடிக்கவைக்கும் படத்தில் வெட்டுவதற்கு ஒரு நொடிகூடக் கிடைக்காது. தமிழ்க் குடும்பங்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்த படங்கள் பல அப்படிப்பட்டவை.

வேறு வழியில் எடுக்க முடியும் என்பதற்கு 2022-ல் வந்த ‘கார்கி’ சாட்சி. கௌதம் ராமச்சந்திரன் இயக்கம். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒன்பது வயதுச் சிறுமி கூட்டு வன்புணர்வுக்கு ஆளாகிறாள். அங்கே காவலாளியாக இருக்கும் அப்பா கைதாகிறார். ஆசிரியையான மகள் கார்கி (சாய் பல்லவி) அவர் நிரபராதி என்று போராடுகிறாள். அந்த வன்கொடுமையின் ஒரு ஷாட்கூட இல்லை. நாம் பார்ப்பதெல்லாம் ஒரு குடும்பம் ஊடகக்காரர்களாலும் அக்கம்பக்கத்தாராலும் நசுங்குவதை. வாய் திக்கும் வழக்கறிஞர், எளிய வீடு, பாசமான அப்பா. நாம் முழுமனதோடு கார்கி பக்கம் நிற்கிறோம். அடையாளம் காட்டிய நேரத்தில் சிறுமி மருந்து மயக்கத்தில் இருந்தாள், அவள் சொன்னதை எப்படி நம்புவது என்ற வாதம் நீதிமன்றத்தில் வரும்போது நமக்கு நம்பிக்கை பிறக்கிறது. அந்த வாதம் ஜெயிக்கட்டும் என்று விரும்புகிறோம்.

அப்பா குற்றவாளி என்று கார்கிக்குத் தெரியவரும்போது நமக்கும் தெரிகிறது. ஒன்பது வயதுக் குழந்தை பொய் சொல்கிறாள் அல்லது குழம்பிவிட்டாள் என்று ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் நாம் வேண்டிக்கொண்டிருந்தோம். பாதிக்கப்பட்டவர்களை ஊர் ஏன் நம்புவதில்லை என்பதற்கு இதைவிட நேர்மையான விளக்கத்தை நான் தமிழ்த் திரையில் பார்த்ததில்லை. நம்பாதவர்கள் ராட்சசர்கள் அல்ல. அப்பாமேல் பாசம் உள்ளவர்கள், நம்மைப் போன்றவர்கள். நம்மைக் கூட்டாளி ஆக்கியதை மறைக்காமல் கடைசியில் நம் கையிலேயே கொடுத்துவிடுகிறது அந்தப் படம். கார்கியும் அதிலிருந்து தப்பிக்கப் பார்க்கவில்லை. தெரிந்ததும் அவள் சிறுமியின் பக்கம் வந்து நிற்கிறாள்.

தமிழில் எழுதிக்கொண்டிருக்கும், எடுத்துக்கொண்டிருக்கும் இளம் இயக்குநர்கள் இந்தப் படத்தின் திரைக்கதையை ஒரு முறை பிரித்துப் பார்க்க வேண்டும். பார்வையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை திரையில் ஒரு பெண்மீது கை ஓங்கப்படும்போது, உங்கள் மனம் அந்த நொடியில் எதை விரும்பியது என்று கவனியுங்கள். பிள்ளைகளோடு பார்க்கிறீர்கள் என்றால் வீடு திரும்பும் வழியில் அதை அவர்களிடம் கேளுங்கள், குறிப்பாகப் பையன்களிடம். விசிலும் கைதட்டலும் எந்த இடத்தில் எழுகின்றன என்று தயாரிப்பாளர்கள் முதல் நாள் காட்சியிலேயே உட்கார்ந்து கணக்கெடுக்கிறார்கள். அடுத்த படம் அந்தக் கணக்கிலிருந்துதான் எழுதப்படுகிறது.